கார்த்திகையைக் காட்டிய கைகள்

என் நிரோவுக்கு,

உன் பைனாக்குலர் இப்போது என்னிடம் இருக்கிறது. கண்ணாடிகளைத் துடைத்து, கறுப்பு மூடிகளைப் போட்டு, ஈரம் பிடிக்காமல் ஒரு பிடி அரிசியைத் துணியில் முடிந்து பக்கத்தில் வைத்திருக்கிறேன். நீ வைத்திருந்த மாதிரியே. போன கிழமை அதை வைத்துத்தான் பெரிய மாமாவைப் பழிவாங்கினேன். அதைச் சொல்லவே எழுதுகிறேன்.

இது அழுகிற கடிதம் இல்லை. ஒரு வருசமாக அழுதாயிற்று.

நாலு பேர் பார்க்க எதையும் செய்ய விரும்பாதவள் நான் என்று உனக்குத் தெரியும். கோயிலில்கூடத் தூணுக்குப் பின்னால்தான் நிற்பேன். ஆனால் உன்னைப் பற்றி ஒரு பொய் அச்சில் இருக்கிறது. அதை என் மனதுக்குள் மறுத்து என்ன பயன்? அதனால்தான் மற்றவர்களும் வாசிக்கும்படி எழுதுகிறேன். அவர்களுக்கு உறவு விளங்க வேண்டும், கொஞ்சம் பொறுத்துக்கொள். நீ என் சின்ன மாமாவின் ஒரே மகள். பெரிய மாமா அவருடைய அண்ணன், உனக்குப் பெரியப்பா. ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர். அரியாலையில் ஒரே வளவுக்குள் இரண்டு வீடு. அவருடையது மேற்கே, உன்னுடையது கிழக்கே, தெற்கே கொஞ்சம் நடந்தால் கடல்நீரேரி. ஊரில் சாதகப் பொருத்தம் பார்க்க எல்லோரும் அவரிடம்தான் வருவார்கள்.

நாம் தொடங்கிய நாள் நினைவிருக்கிறதா? கொழும்பில் ஒரு பழைய பொருள் கடையில் அந்தப் பைனாக்குலரை வாங்கிக்கொண்டு வந்தாய். தொலைநோக்கி வாங்கப் போவதாகத்தான் சொல்லிவிட்டுப் போனாய். "பழகிறவைக்கு இதுதானாமடி நல்லது. ரெண்டு கண்ணாலும் பாக்கலாம், வானத்திலை கனக்க இடம் ஒரேயடியாத் தெரியும், தலைகீழாயும் தெரியாது" என்றாய். பத்து மடங்கு பெருப்பிக்கும், முன்கண்ணாடி ஐம்பது மில்லிமீற்றர். இதற்கு மேல் பெருப்பித்தால் கை நடுக்கத்தையும் சேர்த்துப் பெருப்பிக்கும் என்று எங்கேயோ வாசித்திருந்தாய். சின்ன மாமா அதைக் கண்டதும் முகம் வெளிறிவிட்டார்.

"உதை வெளியிலை கொண்டு போகாதை பிள்ளை. ஆமிக்காரன் கேப்பான்."

"அது அந்தக் காலம் அப்பா. இப்ப ஆர் கேக்கப்போகினம்?"

ஆர் கேட்கப்போகிறார்கள் என்று அப்போது நமக்குத் தெரியவில்லை.

முதல் நாள் நாம் செய்த பிழைகளை எண்ணினால் இப்போதும் சிரிப்பு வருகிறது. பூரணையில் தொடங்கினோம். நிலவு கண்ணைக் கூசவைத்தது, வேறொன்றும் தெரியவில்லை. நின்றுகொண்டே அண்ணாந்ததில் கழுத்து பிடித்தது. எனக்கு எல்லா நட்சத்திரமும் இரண்டிரண்டாகத் தெரிந்தன. "உனக்கு மட்டும் வானம் டபிளோ?" என்று கேட்டாய். பிறகு ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தாய். நடுவில் மடித்து விரித்து, இரண்டு வட்டமும் ஒன்றாகும்வரை கண்ணகலத்துக்குச் சரிசெய்ய வேண்டும். வலக்கண்ணை மூடி, நடுச் சில்லைத் திருகி இடக்கண்ணுக்குத் தெளிவாக்க வேண்டும். அதன்பின் இடக்கண்ணை மூடி, வலப்பக்க வளையத்தை மட்டும் திருக வேண்டும். அதற்குப் பிறகு நடுச் சில்லு மட்டும் போதும்.

சின்ன மாமாவின் சாய்மனைக்கதிரையை உங்கள் வீட்டுத் தட்டுக்கு, அந்த மொட்டைமாடிக்கு, ஏற்றியது உன் யோசனை. இரண்டு பேரும் அதைப் படியால் தூக்கிக்கொண்டு போக, உன் அம்மா, என் மாமி, கீழே நின்று, "கதிரையோடை விழுந்தா நான் கதிரையைத்தான் முதல் பாப்பன்" என்று கத்தினா. அதில் சாய்ந்து, முழங்கைகளைக் கைப்பிடியில் ஊன்றினால் நடுக்கம் நின்றுவிடும். முதலில் வெறுங்கண்ணால் பார்க்க வேண்டும். பார்த்த இடத்திலிருந்து கண்ணை எடுக்காமல் பைனாக்குலரைக் கண்ணுக்குக் கொண்டுவர வேண்டும். எனக்கு அது பிடிபட ஒரு மாதம் எடுத்தது.

கண் இருட்டுக்குப் பழக நேரம் வேண்டும், வெள்ளை வெளிச்சம் பட்டால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்று, ரோச் லைற்றில் சிவப்புக் கண்ணாடித் தாளைச் சுற்றி ரப்பர் பட்டி போட்டாய். வரைபடம் பார்க்க அந்தச் சின்னச் சிவப்பு வெளிச்சம். அது நமக்கு என்ன செய்யப்போகிறது என்றும் தெரியவில்லை.

பிறகு அந்த மாலை. உச்சிக்குப் பக்கத்தில் பஞ்சு மாதிரி ஒரு மங்கல் தெரிந்தது. நீ பைனாக்குலரை உயர்த்தினாய். கனநேரம் அதைக் கீழே இறக்கவில்லை.

"எடி துளசி. ஆறெண்டெல்லோ சொன்னவை. இது கிடக்கு முப்பது நாப்பது. நீலமாக் கிடக்கு."

"என்னடி அது?"

"கார்த்திகை. என்ரை நட்சத்திரம். இவ்வளவு காலமும் சாதகத்துக்கை பூட்டி வைச்சிருந்தவை."

நம் ஊரில் தன் நட்சத்திரம் எது என்று தெரியாத ஆள் இல்லை. கோயிலில் அர்ச்சனைக்குச் சொல்கிறோம், கலியாணத்துக்குச் சொல்கிறோம், செத்த பிறகும் சொல்கிறார்கள். அண்ணாந்து அதைப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? நான் என் ரோகிணியை அன்றுதான் பார்த்தேன். கார்த்திகைக்குக் கிழக்கே, செம்மஞ்சளாக. நம் இரண்டு பேருடைய நட்சத்திரமும் அயல்வீடு என்று உனக்கு எவ்வளவு சந்தோசம்.

அடுத்த மாதம் பெரிய மாமா உங்கள் முற்றத்துக்கு வந்தார். நான் குசினி யன்னலோடு நின்று எல்லாம் கேட்டேன்.

"உன்ரை மகள் மேலை ஏறி நிண்டு ஆற்றை வீட்டைப் பாக்கிறாள் எண்டு ஊர் கதைக்குது."

"நட்சத்திரம் பாக்கிறாள் அண்ணை."

"சிவப்பு லைற் அடிச்சே? முன்வீட்டு ரியூசனுக்கு வாற பெடியளுக்குச் சிக்னல் குடுக்கிறாளாம். இந்த ஊரிலை லைற் அடிச்சுச் சிக்னல் குடுத்தவையின்ரை கதையெல்லாம் உனக்கு மறந்துபோச்சோ?"

"அண்ணை, அது வரைபடம் பாக்கிறதுக்கு..."

"நட்சத்திரம் பாக்க நான் இருக்கிறன். பொம்பிளைப் பிள்ளைக்குப் பஞ்சாங்கம் போதாதே?"

ஊர் கதைத்ததாம். ஊருக்குச் சொன்னதே அவர் என்று பிறகுதான் தெரிந்தது. கோப்பாயிலிருந்து வந்த சம்பந்தம் அந்தக் கதையோடு நின்றுபோனது. உனக்கு அதில் பெரிய கவலை இல்லை. "நல்லதாப் போச்சு. அந்தாளுக்குப் புத்தகம் வாசிக்கிறதே பிடிக்காதாம்" என்றாய். ஆனால் அதற்கடுத்த கிழமை அவர் தன் வீட்டு மேல்சுவரில் ஒரு பெரிய வெள்ளை லைற்றைப் பூட்டி, நேராக உன் தட்டைப் பார்க்க வைத்தார். மாலை ஆறரைக்கே எரியத் தொடங்கும். தட்டு பகல் மாதிரி ஆகிவிட்டது. கார்த்திகை இருந்த இடத்தில் வெறும் சாம்பல் நிறம்.

நீ மரியாதையாகத்தான் போய்க் கேட்டாய். நானும் கூட வந்தேன்.

"பெரியப்பா, லைற்றைக் கொஞ்சம் கீழை திருப்பி விடுங்கோவன். முத்தத்துக்குத்தானே வெளிச்சம் வேணும்."

அவர் பேப்பரிலிருந்து தலையை எடுக்கவில்லை. "வெளிச்சத்துக்குப் பயப்பிடுறது கள்ளர்தான் பிள்ளை."

திரும்பி வந்ததும் நேரே தட்டுக்கு ஏறினாய். சாய்மனைக்கதிரையைக் கீழே இறக்க என்னைக் கை கொடுக்கச் சொன்னாய். நான் கொடுத்தேன். அந்தக் கதிரையின் கனம் இன்னும் என் கையில் இருக்கிறது.

மாரியில் உன்னை டெங்கு கொண்டுபோனது. அதற்குப் பெரிய மாமாவை நான் குற்றம் சொல்லவில்லை. நுளம்புக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. உன் கடைசி மாதங்களில் உன்னிடமிருந்து வானத்தை எடுத்ததற்குத்தான் சொல்கிறேன். அதைக்கூட, ஒருவேளை, காலப்போக்கில் விழுங்கியிருப்பேனோ என்னவோ. அவர் கல்வெட்டு எழுதாமல் இருந்திருந்தால்.

முப்பத்தோராம் நாளில் வீடு வீடாகக் கொடுப்பார்களே, செத்தவரின் படமும் பதிகமும் புகழுரையும் போட்ட புத்தகம். உன்னுடையதையும் வழவழப்பான தாளில் அடித்தார்கள். தொகுத்தவர் பெரிய மாமா. நானும் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். நீ முதன்முதலில் கார்த்திகையைப் பார்த்த மாலையைப் பற்றி. அது வரவில்லை. கேட்டதற்கு, "இடமில்லைப் பிள்ளை" என்றார். அவருடைய பக்கத்துக்கு இடம் இருந்தது. "வானத்தை நேசித்த என் மகளே! கார்த்திகையில் பிறந்த உனக்குக் கார்த்திகையைக் காட்டித் தந்த கைகள் இவையல்லவா?"

அன்றைய அந்தியேட்டிச் சாப்பாட்டுப் பந்தியில் இருந்துகொண்டு அதை வாசித்தேன். பக்கத்தில் இருந்தவர்கள் "பாவம் மனுசன், எவ்வளவு பாசம்" என்றார்கள். நான் இலையை மடித்துவிட்டேன். ஒரு வருசம் போனால் நீ ஊரில் இப்படித்தான் மிஞ்சுவாய், பெரியப்பா வானம் காட்டி வளர்த்த பிள்ளையாக. லண்டனிலும் கனடாவிலும் சொந்தங்களின் அலுமாரியில் நீ இப்படித்தான் இருப்பாய். இதை விடமாட்டேன் என்று அன்றே தீர்மானித்தேன்.

காத்திருந்தேன். எனக்குக் காத்திருக்கத் தெரியும். நட்சத்திரம் பார்க்கப் பழகியதில் வந்த குணம் அது.

உன் முதல் வருச ஆட்டைத் திவசத்துக்கு எல்லோரும் வந்தார்கள். தேய்பிறைத் திதி, மாலையில் நிலவு இல்லை. போகும்போதுகூட நல்ல இருட்டு நாளாகப் பார்த்துத்தான் போயிருக்கிறாய். மத்தியானச் சாப்பாடு முடிந்து எல்லோரும் விறாந்தையில் இருந்தபோது நான் கல்வெட்டைக் கையில் எடுத்துக்கொண்டு போனேன். எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன்.

"பெரிய மாமா, நிரோவுக்குக் கார்த்திகையைக் காட்டித் தந்தது நீங்கள்தானே. இதிலை வாசிச்சனான். பின்னேரம் தட்டிலை வைச்சு எங்களுக்கும் ஒருக்கால் காட்டுங்கோவன். அவளின்ரை பைனாக்குலரும் கிடக்கு."

லண்டனிலிருந்து வந்திருந்த சித்தி, பெரிய மாமாவின் தங்கை, உடனே, "ஓம் அண்ணை, நல்ல விசயம். அவளுக்கும் ஆத்துமசாந்தி" என்றா. அவர் கல்வெட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுக்க வழியில்லை. தன் கையால் எழுதி, தானே அச்சுக்குக் கொடுத்தது அல்லவா?

சாய்மனைக்கதிரையை மறுபடி மேலே ஏற்றினோம். ஏழு மணியளவில் எல்லோரும் தட்டில் நின்றார்கள். பெரிய மாமா சால்வையைத் தோளில் சரியாக மடித்துப் போட்டுக்கொண்டு வந்தார். அவருடைய லைற் வழக்கம்போல எரிந்துகொண்டிருந்தது.

"என்ன அண்ணை இது? கண்ணைக் குத்துது. கிறிக்கெட் கிறவுண்டே?" என்று சித்தி கையால் முகத்தை மறைத்தா.

"கள்ளர் பயம் பிள்ளை. நீங்கள் அங்கை இருக்கிறியள், உங்களுக்கென்ன தெரியும்."

"மாமா, நேரம் சரி. கார்த்திகையைக் காட்டுங்கோ" என்றேன்.

தொண்டையைச் செருமினார். "கார்த்திகை எண்டது ஆறு. அதிதேவதை அக்கினி. மேடத்திலை ஒரு பாதம், இடபத்திலை மூண்டு பாதம்."

"அது எங்கை நிக்குது மாமா?"

நான் பைனாக்குலரை அவர் கையில் வைத்தேன். மூடியைக் கழற்றாமல்தான் வைத்தேன். வேண்டுமென்றுதான். உப்புக்காற்று பட்டுவிடும், பார்க்கிற நிமிசம்வரை மூடி இருக்க வேண்டும் என்பது உன் சட்டம்தானே. ஒரே ஒரு மாலை பார்த்தவர்களுக்கும் அது தெரியும்.

அவர் தட்டை ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு மேற்கே, தன் வீட்டுக் கூரைக்கு மேல் எல்லாவற்றையும்விடப் பளிச்சென்று நின்றதைக் கையால் காட்டினார். "அந்தா." காட்டிவிட்டுப் பைனாக்குலரைக் கண்ணில் வைத்தார். மடிப்பையும் சரிசெய்யவில்லை, சில்லையும் திருகவில்லை. நேரே பார்த்தார்.

"ஆ... வடிவாத் தெரியுது. ஆறும் தெரியுது."

அவருடைய லைற் அவர் முகத்திலேயே அடித்துக்கொண்டிருந்தது. நெற்றி வியர்வை தெரிந்தது. கையில் இருந்த பைனாக்குலரின் இரண்டு கறுப்பு மூடிகளும் எல்லோருக்கும் தெரிந்தன. இருட்டாக இருந்திருந்தால் ஒருவரும் கண்டிருக்கமாட்டார்கள்.

நான் வாயைத் திறக்கப் போனேன், நிரோ. ஒரு வருசமாகச் செதுக்கி வைத்திருந்த வசனம் ஒன்று இருந்தது. ஆனால் எனக்கு முன்னால் மாமி பேசினா. உன் அம்மா. கலியாணம் கட்டி வந்த நாளிலிருந்து பெரிய மாமாவின் முன்னால் கதிரையில்கூட இருக்காத மனுசி.

"அத்தான், உது வெள்ளி."

அவர் திரும்பினார்.

"கார்த்திகை உங்கடை உச்சந்தலைக்கு நேரை நிக்குது. மூடியும் கழட்டேல்லை." மாமி போய்ப் பைனாக்குலரை அவர் கையிலிருந்து வாங்கினா. "என்ரை பிள்ளைக்கு ஒருத்தரும் காட்டிக் குடுக்கேல்லை. அவள் தானாப் பாத்தவள். அவள்தான் எனக்குக் காட்டினவள். நீங்கள் லைற் போட்ட பிறகும் பாத்தவள். அந்த மூலையிலை அவள் கீழை இருந்து பாப்பாள், நான் பாயை விரிச்சு லைற்றுக்குக் குறுக்கை பிடிச்சுக்கொண்டு நிப்பன். கை உளையும். 'இன்னும் கொஞ்சம் அம்மா, இன்னும் கொஞ்சம்' எண்டுவாள்."

அது எனக்குத் தெரியாது. நீ எனக்கும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? நான் பொறுக்கமாட்டாமல் போய்ச் சண்டை பிடித்து அதையும் கெடுத்துவிடுவேன் என்றா? இல்லை, அம்மாவும் மகளுமாக அது ஒன்றை உங்களுக்கு மட்டும் வைத்துக்கொண்டீர்களா?

சித்திக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினா. "அண்ணை, மூடியோடை ஆறும் தெரிஞ்சுதோ?" என்று கேட்டா. பிறகு நாலைந்து பேர். பெரிய மாமா வெளிச்சத்திலிருந்து முகத்தைத் திருப்பப் பார்த்தார். திருப்பிய பக்கத்தில் சிரிக்கிற முகங்கள். கடைசியில் தன் வீட்டைப் பார்த்து, உள்ளே நின்ற பெரிய மாமிக்குக் கேட்கும்படி கத்தினார்.

"இஞ்சேரும்! அந்த லைற்றை நிப்பாட்டும்!"

நான் வைத்திருந்த வசனத்தை அப்போதுதான் சொன்னேன். மெதுவாக, அவருக்கு மட்டும் கேட்கும்படி.

"ஏன் மாமா, வெளிச்சத்துக்குப் பயமே?"

அவருக்கு நினைவு வந்தது. அதை அவர் கண்ணில் கண்டேன். அந்த ஒரு நொடிக்காகத்தான் ஒரு வருசம் இருந்தேன்.

லைற் அணைந்தது. முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக, நீ சொன்ன மாதிரியே, கண் பழகப் பழக எல்லாம் வந்தன. கிழக்குப் பக்கம் மிருகசீரிடம், அதற்கு மேலே என் ரோகிணி, உச்சியில் நீ. மாமி சாய்மனைக்கதிரையில் சாய்ந்து, முழங்கைகளை ஊன்றி, முதலில் வெறுங்கண்ணால் பார்த்து, பார்த்த இடத்திலிருந்து கண்ணை எடுக்காமல் பைனாக்குலரை உயர்த்தினா. உன் கை அசைவு அப்படியே இருந்தது. சித்தி அடுத்ததாக வரிசையில் நின்றா.

பெரிய மாமா இருட்டில் சுவரைத் தடவித் தடவிப் படியிறங்கினார். சின்ன மாமா ஓடிப்போய்க் கையைப் பிடித்தார். ரோச் லைற் என் கையில்தான் இருந்தது, சிவப்புத் தாள் சுற்றிய உன் ரோச். அடித்துக் காட்டியிருக்கலாம். யாராவது சிக்னல் என்று நினைத்துவிடுவார்கள் என்று பேசாமல் நின்றேன்.

அடுத்த நாள் சின்ன மாமா என்னைக் கூப்பிட்டார். "அண்ணைக்கு நீ உப்பிடிச் செய்திருக்கக் கூடாது பிள்ளை. வயசு போன மனுசன்."

"ஓம் மாமா."

கிணற்றடிப் பக்கம் இரண்டடி வைத்துவிட்டுத் திரும்பினார். "ஆனா, நானும் அண்டைக்கு முத்தத்திலை அண்ணையை எதிர்த்துக் கதைச்சிருக்க வேணும்" என்றார். பிறகு போய்விட்டார்.

லைற் இப்போது முற்றத்தைப் பார்த்துக் கீழே திரும்பியிருக்கிறது. யார் திருப்பினார்கள் என்று நான் கேட்கவில்லை. சித்தி லண்டன் போகும்போது என்னிடம் கல்வெட்டு ஒன்றை வாங்கி, பெரிய மாமாவின் பக்கத்தில் பேனாவால் குறுக்கே கோடு போட்டு, "இனி இப்பிடித்தான் வைச்சிருப்பன்" என்று பைக்குள் வைத்தா.

நீ இருந்திருந்தால் மூடியைக் கழற்றிக் கொடுத்திருப்பாய். எந்தச் சில்லைத் திருக வேண்டும் என்றும் பக்கத்தில் நின்று சொல்லியிருப்பாய். தெரியும். நான் நீ இல்லை. எனக்கு இன்னும் ஆறவில்லை. கோபம் போய்விடும் என்று நினைத்தேன், கொஞ்சம் இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். உனக்கு என்மேல் கோபமா?

ஒரு வாக்குத் தருகிறேன். ஒவ்வொரு திவசத்துக்கும் பெரிய மாமாவை மரியாதையாகத் தட்டுக்கு அழைப்பேன். இனிமேல் மூடியைக் கழற்றித்தான் கொடுப்பேன். உன் கார்த்திகையை அவர் தன் கண்ணால் கண்டு, தன் விரலால் சரியாகக் காட்டும்வரை விடமாட்டேன். அவருக்கு நீண்ட ஆயுள் இருக்கட்டும். வேண்டுமென்றுதான் வேண்டிக்கொள்கிறேன்.

எல்லோருக்கும் போல அவருக்கும் ஒருநாள் கல்வெட்டு அடிப்பார்கள். அதற்கு நான் ஒரு பக்கம் எழுதிக் கொடுப்பேன். மாமி பாய் பிடித்த கைகளைப் பற்றி. இடமில்லை என்று சொல்ல அப்போது அவர் இருக்கமாட்டார்.

உன் அயல்வீட்டு நட்சத்திரக்காரி,
மன்னிக்க இன்னும் பழகாத உன் மச்சாள்,
துளசி
அரியாலை